போனில் குறித்தது கணினியில் காணோம்!

கேள்வி: புது ஆண்ட்ராய்டு போனில், ஜிமெயிலைத் திறந்தால்தான் மெயில் வருகிறது. போனில் குறித்த நிகழ்ச்சிகள் கணினியின் கூகுள் காலண்டரில் தெரிவதே இல்லை. என்ன செய்வது?

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு. மெயில் தாமதமாவது பெரும்பாலும் பேட்டரி சிக்கனத்தால்தான். செட்டிங்ஸில் ஆப்ஸ், ஜிமெயில், பேட்டரி என்று போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என மாற்றுங்கள். அடுத்து, ஜிமெயிலின் செட்டிங்ஸில் உங்கள் கணக்கைத் தொட்டு, ‘சிங்க் ஜிமெயில்’ பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள். டிக் இருந்தும் மெயிலே வரவில்லையென்றால், சேமிப்பிடம் நிரம்பியிருக்கலாம். இலவச 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. கல்யாண வீடியோக்களால் நிரம்பினாலும் மெயில் நின்றுவிடும்.

காலண்டர் விஷயம்தான் பலரையும் ஏமாற்றுகிறது. சில போன்களில், கம்பெனியே போட்டுத் தரும் காலண்டர் ஆப் நிகழ்ச்சிகளைப் போனுக்குள் மட்டும் சேமிக்கும். குறித்த நிகழ்ச்சி ஒன்றைத் திறந்து பாருங்கள். எந்தக் காலண்டர் என்ற இடத்தில் உங்கள் ஜிமெயில் முகவரிக்குப் பதில் ‘மை போன்’ போன்ற பெயர் இருந்தால், அது கூகுளுக்குப் போகவே இல்லை. போன் தொலைந்தால் அதுவும் போச்சு! இனி குறிக்கும்போது ஜிமெயில் முகவரியைத் தேர்ந்தெடுங்கள். பழையவற்றை, கொஞ்சம் அலுப்பான வேலைதான், ஒவ்வொன்றாகக் கூகுள் கணக்கில் மறுபடி பதிந்துவிடுங்கள்.

அதுவரை யார் சொன்னாலும், செட்டிங்ஸில் இந்த ஆப்களின் சேமிப்பை முழுதாக அழிக்கும் ‘கிளியர் டேட்டா’வைத் தொடாதீர்கள். கணக்குக்குப் போய்ச் சேராத நிகழ்ச்சிகளும், அனுப்பாமல் வைத்த மெயில்களும் அழிந்துவிடக்கூடும். தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும் ‘கிளியர் கேஷ்’ பரவாயில்லை.