மா ஹுவாங் யார் கையில் இருக்கலாம்?

கேள்வி: என் மகள் கலிஃபோர்னியாவில் சீன மருத்துவம் பயில்கிறாள். மா ஹுவாங் என்னும் மூலிகையை அமெரிக்க அரசு தடைசெய்துவிட்டதாகப் படித்தேன். அவளுடைய பாடத்திலோ அது முதல் வரிசையில் இருக்கிறது. தடைசெய்த மருந்தை எதற்காகக் கற்பிக்கிறார்கள்?
(ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அமெரிக்க நடுவண் அரசின் தடை, மா ஹுவாங்கைக் கொண்டு செய்து கடைகளில் விற்ற ஒரு வகைப் பண்டத்தின் மீது விழுந்தது. 'உணவுத் துணைப்பொருள்' என்ற பெயரில் வரும் மாத்திரைகளுக்கு முன்னொப்புதல் வேண்டியதில்லை என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டிருந்ததால், எஃபெட்ரா எனப்படும் இந்தச் செடியின் சாரத்தைப் பெரும்பாலும் காஃபீனுடன் கலந்து, உடல் இளைக்கும் என்றும் விளையாட்டில் வேகம் கூடும் என்றும் சொல்லி விற்றார்கள். செடியிலுள்ள எஃபெட்ரின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. 2003 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் 23 வயது பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகி இறந்தார். அவர் எஃபெட்ரா மாத்திரை உட்கொண்டிருந்தது தெரியவந்ததும் நாடெங்கும் கோபம் எழுந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் உணவு மருந்து நிர்வாகம் தடை விதியை வெளியிட்டது. அது ஏப்ரல் 12 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்த விதி, துணைப்பொருளாக விற்கப்படாத மரபுச் சீன மருந்துகள் தன் வரம்புக்குள் வரமாட்டா என்று கூறியது. உங்கள் மகள் படிக்கும் மாநிலத்தின் சட்டம் இன்னும் கூர்மையானது. எஃபெட்ரின் கலந்த துணைப்பொருள்களைக் கலிஃபோர்னியா தடுத்தபோது, உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர் தம் நேரடிச் சிகிச்சையில் உள்ள நோயாளிக்கு அவற்றைத் தரலாம் என்று விலக்கு அளித்தது. எடை குறைக்கவும், உடற்கட்டுக்கும், விளையாட்டுத் திறனுக்கும் அவரும் தரக்கூடாது என்று அந்த விலக்குக்கே வேலி போட்டது. பொருளை மட்டும் பார்க்காமல், யார், யாருக்கு, எதற்காகத் தருகிறார் என்பதையும் பார்த்து எழுதிய சட்டம் இது. இந்தத் துறையில் நான் கண்ட சட்டங்களில் இதுவே அறிவுக்குப் பொருத்தமானது என்பேன்.

பாடத்தில் அது முதலில் நிற்பதற்கும் காரணம் உண்டு. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் தொகுத்த 'ஷாங் ஹான் லுன்' நூலில், குளிரும் காய்ச்சலும் கண்டு வியர்க்காமல் மூச்சு இறைப்பவருக்கு மா ஹுவாங், இலவங்கப்பட்டை மரத்தின் கிளை, வாதுமை இனப் பருப்பு, அதிமதுரம் ஆகிய நான்கும் சேர்ந்த கஷாயம் சொல்லப்பட்டிருக்கிறது. வியர்வை வந்து நோய் தணிந்தால் மீதியைக் குடிக்க வேண்டாம் என்பது அதன் கட்டளை. ஒரு வேளைக் கஷாயத்திலும் எஃபெட்ரின் கணிசமாகவே இருக்கும் என்பதால், அளவு சிறியது, ஆகவே தீங்கில்லை என்று வாதிடுவோரை நான் ஏற்கவில்லை. ஓரிரு நாளில் நிறுத்தத் தெரிந்தவரும், இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு அதைத் தர மறுப்பவரும் அதைக் கையாள்கிறார் என்பதே அதன் காப்பு. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவருக்கு அந்தக் காப்பு இல்லை.

கேள்வி: அப்படியானால் உரிமம் பெற்றவர்களுக்கு அது தட்டுப்பாடின்றிக் கிடைக்கிறதா? பிரிட்டனில் என்ன நிலை?
(சித்த மருத்துவ மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: விலக்கு காகிதத்தில் இருப்பதும் மூலிகை அலமாரியில் இருப்பதும் வேறு வேறு. மா ஹுவாங்கை இறக்குமதி செய்யும் வணிகருக்கு அதில் விற்பனை சிறிது, வழக்கு வந்தால் இழப்பு பெரிது. ஆகவே அவர் அதைக் கைவிடுவது எளிது. அவர் கைவிட்டால் சட்டம் தந்த உரிமை பயனற்றுப்போகும். உரிம எண்ணைச் சரிபார்த்து மருத்துவருக்கு மட்டும் விற்பது, ஒவ்வொரு சரக்கின் அடையாளத்தையும் ஆய்வகத்தில் உறுதிசெய்வது, விற்றதற்கும் கொடுத்ததற்கும் பதிவேடு வைப்பது ஆகிய ஏற்பாடுகளைத் தொழில்முறையினரே முன்வந்து நடத்தினால்தான் வணிகருக்கும் அதிகாரிகளுக்கும் நம்பிக்கை வரும். விலக்கைக் கேட்டுப் போராடும் சங்கங்கள் இந்தச் சலிப்பான வேலையில் அதே ஊக்கம் காட்டுவதில்லை என்பது என் குறை.

பிரிட்டனில் முறை வேறு. நோயாளியை நேரில் கண்டு ஆலோசித்த மூலிகை மருத்துவர் எஃபெட்ராவைத் தரலாம். ஆனால் ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம், நாளுக்கு 1,800 மில்லிகிராம் என்ற உச்சவரம்பு 1977-ஆம் ஆண்டு ஆணையில் வந்து, 2012-ஆம் ஆண்டு விதிகளிலும் தொடர்கிறது. சீன அரசின் மருந்துநூல் நாளுக்கு 2 முதல் 10 கிராம் வரை சொல்வதால், சீன முறையின் மிகக் குறைந்த அளவைக்கூட அங்கே தொட முடியாது. இன்னொரு விநோதம், மூலிகை மருத்துவர் என்ற பெயருக்குப் பிரிட்டனில் சட்டப் பதிவே கிடையாது. பதிவு கொண்டுவருவதாக 2011-இல் அரசு அறிவித்தது. 2015-இல் பேராசிரியர் டேவிட் வாக்கர் தலைமையிலான குழு அது வேண்டியதில்லை என்றது. தகுதியை அளக்காத அரசு அளவைக் குறைத்து ஈடுகட்டுகிறது.

உங்களுக்கு இது அந்நியமாக இராது. நாபி என்னும் நச்சுக் கிழங்கைச் சுத்தி செய்யாமல் சேர்க்கக் கூடாது என்று நீங்கள் படிப்பதும், இந்திய மருந்து விதிகளின் இ(1) அட்டவணையிலுள்ள நச்சுச் சரக்குகள் சேர்ந்த மருந்தின் உறையில் 'மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்' என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பதும் இதே சிந்தனையில் பிறந்தவை. சீனர்கள் நாபி இனத்தைச் சேர்ந்த ஃபு ட்சுவைப் பதப்படுத்தி, மற்றச் சரக்குகளுக்கு முன்பே நெடுநேரம் கொதிக்கவைத்துத் தருகிறார்கள். பிரிட்டனிலோ மூலிகை மருத்துவர் அதை வெளிப்பூச்சாக மட்டுமே தரலாம்.

கேள்வி: எல்லா நச்சு மூலிகைகளையும் இப்படி மருத்துவர் பொறுப்பில் விட்டுவிடலாமா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: கூடாது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் ஓர் எடைகுறைப்பு மருத்துவமனையில், ஃபாங் ஜி என்ற பெயர் ஒற்றுமையால் ஒரு செடிக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி மாத்திரையில் சேர்ந்துவிட, பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அங்கே மருந்து தந்தவர்கள் தகுதி பெற்ற மருத்துவர்களே. அந்த இனச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானபின், தேர்ந்த கை எதுவும் அதைப் பாதுகாப்பாக்காது. சீனாவே அந்த அமிலம் கொண்ட குவான் மு டோங் என்ற சரக்கை 2003-இலும், பிரஸ்ஸல்ஸில் மாறிச் சேர்ந்த குவாங் ஃபாங் ஜியை 2004-இலும் விலக்கியது. நம் ஊரில் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் இதே இனம். அவற்றை உள்ளுக்குச் சாப்பிடுமாறு யாராவது உங்களிடம் சொன்னால் மறுத்துவிடுங்கள்.