பின் ஷாக்கை வாசலில் மாற்றலாம். முன் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்

கேள்வி: 2012-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டொக், டொக்’ என்கிறது. நான்கு ஷாக் அப்சார்பரும் போய்விட்டன என்கிறார் மெக்கானிக். மச்சானும் நானும் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாமா? ‘ரீகண்டிஷன்’ செய்ததைப் போட்டால் போதுமா? – வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: நான்கும் போய்விட்டன என்று சொன்னவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாரா? ‘டொக்’ சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்கிலிருந்தோ (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு), லோயர் ஆர்ம் புஷ்ஷிலிருந்தோ (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையின் ரப்பர் உறை), ஷாக்கின் தலையில் உட்காரும் ரப்பர் மவுண்ட்டிலிருந்தோ வரும். நான்கு ஷாக்குக்கு ஆகும் செலவில் இதற்குச் சிறு பங்கு போதும். ஷாக் போயிருந்தால் அறிகுறியே வேறு. பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே போகும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமிழும். டயரின் மேல் கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். குழாயில் எண்ணெய் வழிந்திருக்கும். லேசான ஈரத்தில் புழுதி ஒட்டியிருப்பதைக் கசிவு என்று காட்டி நான்கு ஷாக்கை விற்றுவிடுகிறார்கள்.

முன்பக்கத்தில் ஷாக்கும் சுருள் ஸ்பிரிங்கும் ஒரே உருப்படி, ஸ்ட்ரட் என்பார்கள். அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கை உச்சியில் போட்ட ஒரு நட்டுதான் அடக்கி வைத்திருக்கிறது. காரின் எடையில் கால் பங்குக்கு மேல் தாங்குகிற ஸ்பிரிங் அது. அமுக்கும் கருவி இல்லாமல் அந்த நட்டைக் கழற்றினால் மவுண்ட்டும் ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் இரும்புத் தட்டும் முகத்துக்கு வரும். தாடையோடு போனால் அதிர்ஷ்டம். கயிற்றால் கட்டலாம், மச்சான் ஏறி மிதித்துக்கொள்ளட்டும் என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். மலிவு விலைக் கொக்கிக் கருவியையும் நம்பாதீர்கள், சுருளில் வழுக்கும். உங்களுக்கு அவ்வளவு ஆசை இருந்தால் ஸ்ட்ரட்டை முழுதாக இறக்கி, ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரஸரைச் சுவரில் பதித்து வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய் மாற்றி வாருங்கள். எந்த நட்டு ஸ்ட்ரட்டைக் காரோடு பிடிப்பது, எது ஸ்பிரிங்கை அடக்குவது என்று தெரியாவிட்டால் அந்த ஆசையும் வேண்டாம்.

பின்பக்கத்தை நீங்களே செய்யலாம். உங்கள் ஸ்விஃப்ட்டில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. மேலும் கீழும் கழற்றினால் ஷாக் கையோடு வந்துவிடும். ஆனால் தூக்கி நிறுத்திய வண்டியில் பின் அச்சு மேலும் இறங்காமல் பிடித்திருப்பது அந்த ஷாக்தான். ஆகவே அச்சுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியை முட்டுக் கொடுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் அச்சு தொங்கி, ஸ்பிரிங் நழுவி, பிரேக் ஹோஸ் இழுபடும். இதைப் படித்துவிட்டு மச்சான் தன் காரையும் தூக்கி நிறுத்துவார் என்பதால் சொல்கிறேன்: சில கார்களில் பின்பக்கத்திலும் ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றித்தான் இருக்கும். அப்படி இருந்தால் முன்பக்கத்துக்குச் சொன்ன அத்தனையும் அதற்குப் பொருந்தும். பின்பக்கம் என்ற சலுகை கிடையாது.

டிக்கியில் இருக்கும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். வீடு கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக் கல்லை அடியில் வைப்பவர்களை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். சுவரில் பரவலாகச் சுமை தாங்குகிற கல், ஒரே இடத்தில் எடை விழுந்தால் சொல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்ட் வாங்கி, சிமெண்ட் தரையில் வையுங்கள். மண் வாசலில் புதையும். புஷ் உள்ள போல்ட்டைச் சக்கரம் தரையில் நின்ற பிறகே கடைசியாக இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்குவது? அந்தக் கணக்கு மெக்கானிக்குகளுக்கான கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிறது. லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு கார் விற்பவர்கள் அதை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ரீகண்டிஷன் பேச்சையே எடுக்காதீர்கள். கார் ஷாக் என்பது மூடி முத்திரை வைத்த குழாய். பெரும்பாலும் அதில் துளை போட்டு, கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றி, அடைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து விற்கிறார்கள். உள்ளே தேய்ந்த வால்வு அப்படியே கிடக்கும். அந்தத் தொழிலுக்குச் சரக்கு நீங்கள் பட்டறையில் விட்டுவரும் பழைய ஷாக்தான். கழற்றியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். “என் பெயரைச் சொல்லி அந்தக் கடையில் வாங்குங்கள்” என்று அனுப்புபவருக்கு உங்கள் பில்லிலேயே கமிஷன் இருக்கும். சேஸிஸ் எண்ணைச் சொல்லி நீங்களே ஜோடியாக வாங்குங்கள், பெட்டியில் அச்சிட்ட விலையைப் பாருங்கள்.

எத்தனை ஷாக் மாற்றினாலும் சாலை விடப்போவதில்லை. வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில் வளைவாக இருக்க வேண்டும் என்கிறது, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிமுறை. நம் ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு திண்ணையையே கட்டிவிட்டுப் போகிறார்கள். வெள்ளைக் கோடுகூடக் கிடையாது. கேட்டால் ஊராட்சி நெடுஞ்சாலைத் துறையைக் கைகாட்டும், அவர்கள் ஊராட்சியைக் கைகாட்டுவார்கள்.

முன் ஸ்ட்ரட்டை இறக்கி ஏற்றினால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் திம்பம் மலைப்பாதைப் பக்கம் போகாதீர்கள். 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் நிறுத்திப் பார்க்கக்கூட அங்கே இடம் கிடைக்காது.