கேள்வித்தாள் மதிப்பெண்ணை நடைமுறை என்று எழுதலாமா?

முடக்குவாத (மூட்டுகள் வீங்கி விறைக்கும் நோய்) நோயாளிகளைப் பராமரிக்கும் செவிலியர்கள் உங்கள் கேள்வித்தாளில் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கிவிட்டார்கள், இதை "நடைமுறை" என்று ஆய்வில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாதீர்கள். அது அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் காட்டுகிறது, அவர்கள் செய்வதை அல்ல.

பணிநேரத்தில் நேரில் பார்த்துக் குறிக்கும் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். காலையில் மூட்டு விறைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று செவிலியர் கேட்டாரா, வலியின் அளவைப் பதிவு செய்தாரா, தொற்று அறிகுறிகளை விசாரித்தாரா? எல்லாவற்றையும்விட முக்கியமானது மெத்தோட்ரெக்சேட் என்ற முடக்குவாத மருந்து. வாரம் ஒருமுறைதான் என்பதை நோயாளியின் வாயாலேயே சொல்லவைத்தாரா? தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இந்த ஒன்றுக்குப் பாதி மதிப்பெண் தரவே தராதீர்கள்.

இருவர் தனித்தனியே குறித்து, ஒப்புமையைக் கப்பா அளவையால் (தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்து, இருவர் குறித்தது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண்) பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று கவனித்தால் எவரும் கூடுதல் எச்சரிக்கையாக இருப்பார்கள் என்பதால், முதல் சில பதிவுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.