போத்தலையும் கூடவே ஏற்றிவிடுங்கள்

திருகோணமலைப் பக்கம் அம்புலன்ஸில் ஓடுகிறவன் நான். நஞ்சு, மாத்திரை, மனக்குழப்பம் பற்றிப் பலர் தனித்தனியாகக் கேட்டிருந்தீர்கள். பதில்களை ஒன்றாகவே போடுகிறேன். நான் டாக்டர் இல்லை. வீட்டு வாசலிலிருந்து வைத்தியசாலை வாசல் வரைக்கும்தான் என் வேலை.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தம்பி: வயலுக்கு அடிக்கும் மருந்தை யாராவது குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா? அம்மா அப்படித்தான் சொல்கிறா.

வேண்டாம் தம்பி. உப்புத்தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, புளிக்கரைசல் எல்லாம் பார்த்துவிட்டேன். மயங்கத் தொடங்கிய ஆளின் வாயில் ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாது, சுவாசப்பைக்குத்தான் போகும். நாங்கள் வந்து நஞ்சோடு சேர்த்து அதையும் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

பூச்சிமருந்துகளில் ஓகனோபொஸ்பேற் என்ற வகை உடம்பின் குழாய்களையெல்லாம் திறந்துவிடும்: எச்சில், கண்ணீர், வியர்வை, வயிற்றுப்போக்கு. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். உயிரை எடுப்பது பெரும்பாலும் நெஞ்சில் நிரம்பும் சளியும், மூச்சுத் தசைகள் சோர்ந்துபோவதும்தான். ஆகவே ஆளை இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். தோலாலும் ஏறும் நஞ்சு இது. உடுப்பைக் கழற்றிவிட்டு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். உங்கள் கையில் ஒரு பொலித்தீன் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் அற்றோபின் என்ற மாற்றுமருந்தை ஏற்றி நெஞ்சைக் காயவைப்பார்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் அவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. போத்தலையும் கூடவே ஏற்றிவிடுங்கள், லேபல் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

கிண்ணியா: இரண்டு வயதுப் பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால்?

இதற்கும் வாந்தி கூடாது. வயிற்றில் கிடக்கும் மண்ணெண்ணெயை விட மூச்சுக்குழாய்க்குள் போகும் ஒரு சொட்டுத்தான் ஆபத்து. பிள்ளை இருமினால் உடனே கிளம்புங்கள். அப்புறம், சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிற பழக்கத்தை விடுங்கள்.

மூதூர்: பனடோலை (பரசிற்றமோல் மாத்திரை) அளவுக்கு மீறி விழுங்கிய பிள்ளை நன்றாகத்தானே கதைத்துக்கொண்டிருக்கிறாள்? காலையில் கூட்டிப்போனால் போதாதா?

போதாது. இந்த வேலையில் என்னைப் பயமுறுத்துவது கத்துகிற ஆள் இல்லை, இப்படிச் சிரித்துக் கதைக்கிற ஆள்தான். பனடோல் முதல் நாள் ஒன்றும் காட்டாது. ஓரிரு நாள் கழித்துத்தான் ஈரல் பழுதாவது வெளியே தெரியும். மாற்றுமருந்து இருக்கிறது, 8 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் ஈரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். விடியும்வரை காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். மஞ்சள் அலரி விதையும் இப்படித்தான்: வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டுக்காரர் ஆறுதல்படும்போது இதயத் துடிப்பு தடுமாறத் தொடங்கும். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் திட்டாமல், அழாமல் கேட்டு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தாருங்கள். ஏன் செய்தாய் என்று கேட்பதற்கு நாள் இருக்கிறது.

குச்சவெளியிலிருந்து ஒரு மீனவர்: பேத்தை மீனை நன்றாக வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்கிறார்களே?

போகாது அண்ணே. அடுப்புச் சூட்டுக்கு அழிகிற நஞ்சில்லை அது. முதலில் உதடும் நாக்கும் மரக்கும், பிறகு கைகால், கடைசியில் மூச்சு. மாற்றுமருந்து கிடையாது, மூச்சை நாங்கள் ஊதிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் நஞ்சு தானாக இறங்கும், ஆள் பெரும்பாலும் எழும்பிவிடுவார். ஒன்று கவனியுங்கள்: அசைய முடியாமல் கிடந்தாலும் அவருக்குப் பெரும்பாலும் காது கேட்கும், நினைவும் இருக்கும். தலைமாட்டில் நின்று "முடிஞ்சுது" என்று ஒப்பாரி வைக்காதீர்கள்.

பெயர் வேண்டாம் என்ற ஓர் அக்கா: தம்பிக்கு மனநோய். குழம்பினால் நாலு பேர் சேர்ந்து கட்டிப்போடுகிறார்கள். சரியா?

குப்புறப் போட்டு மேலே ஏறி உட்கார மட்டும் யாரையும் விடவே விடாதீர்கள் அக்கா, மூச்சு அடைத்துவிடும். ஒருவர் மட்டும் கதையுங்கள், அவர் நம்புகிற ஒருவர். மற்றவர்கள் முற்றத்துக்குப் போகட்டும், ரேடியோவையும் நிறுத்துங்கள். கத்தி, மண்வெட்டி கண்ணில் படக்கூடாது. கதவு வழியை மறிக்காமல் நில்லுங்கள். அவர் கேட்கும் குரல் உங்களுக்குக் கேட்காது, "அப்படி ஒன்றுமில்லை" என்று வாதாட வேண்டாம், "பயமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். நாங்கள் வந்ததும் முதலில் விரலில் குத்திச் சீனி பார்ப்போம், கோபிக்காதீர்கள். சீனி இறங்கினாலும் மனுசன் இப்படித்தான் நடப்பான். வெறியில் கிடக்கிறார் என்று ஊரே சிரித்த ஒருவர், குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் எழுந்திருந்து செருப்பைத் தேடினார்.

உப்புவெளி: குடு (ஹெரோயின்) பாவிக்கிற பெடியன் எழுப்ப எழுப்ப எழும்பாவிட்டால்?

மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு எட்டுப் பத்துக்குக் கீழே, கண்மணியும் சுருங்கியிருந்தால் உடனே அம்புலன்ஸுக்கு 1990 அடியுங்கள். பயந்துபோய் றோட்டோரம் விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

தற்கொலைக்கு முயன்றவரைக் கொண்டுபோனால் பொலிஸ் வழக்குப் போடுமா?

பலர் ஒளிக்கிறது இதற்காகத்தான். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998க்குப் பிறகு குற்றமில்லை. தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் என்று பொய் சொல்லிக் கொண்டுவந்தால் டாக்டர் காய்ச்சலுக்குத்தான் மருந்து கொடுப்பார். கதைக்க ஒருவர் வேண்டுமென்றால், உங்களுக்கே என்றாலும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

கந்தளாய்: அம்புலன்ஸ் சுணங்காமல் வர நாங்கள் என்ன செய்யலாம்?

"கோயிலடி" என்றால் எங்களுக்கு விளங்காது, எத்தனையோ கோயிலடி இருக்கிறது. ஊர், ஒழுங்கை, பக்கத்துக் கடை என்று சொல்லுங்கள். போனைத் துண்டிக்காதீர்கள். சந்தியில் ஒருவரை ரோச் லைட்டோடு நிறுத்துங்கள், நாயைக் கட்டுங்கள்.