டீசல் காருக்கு எந்த பேட்டரி? ஆம்பியர்-மணி எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: என்னிடம் 2013-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் டீசல் கார் இருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள்தான் காரை எடுப்பேன். சில வாரங்களில் அதுவும் இல்லை. மூன்று ஆண்டு ஓடிய பேட்டரி இப்போது காலையில் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. அதன்மேல் ‘டின் 50’ என்று எழுதியிருக்கிறது. ஒரு கடைக்காரர், 35 போதும், விலையும் குறைவு என்கிறார். இன்னொருவர், டீசல் வண்டிக்கு 65 போட்டால்தான் தாங்கும் என்கிறார். எதை வாங்குவது? நானே மாட்டிக்கொள்ள முடியுமா?

பதில்: இந்த 35, 50, 65 எல்லாம் பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர்-மணி எண்கள்; ‘டின்’ (DIN) என்பது ஜெர்மன் தர அளவில் அமைந்த பேட்டரி வகை. 35 வேண்டவே வேண்டாம். 65 தேவையில்லை. பழைய பேட்டரி எந்த அளவோ அதே அளவில், கிராங்கிங் மின்னோட்டம் (செல்ஃப் அடிக்கும் கணத்தில் பேட்டரி தரக்கூடிய மின்னோட்டம்) குறையாத பேட்டரியை வாங்குங்கள். மாட்டுவதை நீங்களே அரை மணி நேரத்தில் செய்யலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், புதிய பேட்டரியும் இதே கதிக்கு ஆளாகும் வாய்ப்பு இருக்கிறது. வாரக்கணக்கில் நிற்கும் கார் என்பதுதான் இதில் முக்கியமான தகவல். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், டீசல் என்ஜின் ஏன் பேட்டரியிடம் இவ்வளவு கேட்கிறது என்று பார்ப்போம். பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் தீ மூட்டுகிறது. டீசலில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் காரில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் என்ஜின். இண்டிகா விஸ்டா, ரிட்ஸ், டிசையர், புன்டோ என்று பல கார்களில் ஓடிய அதே என்ஜின்தான். அது காற்றைப் பதினேழில் ஒரு பங்குக்கும் கீழே நெருக்குகிறது. பெட்ரோல் காரில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு அளவில் நின்றுவிடும். அந்த நெருக்கத்தை எதிர்த்து என்ஜினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டார், முதல் நொடியில் சில நூறு ஆம்பியரை இழுக்கிறது. குளிர்ந்த காலையாக இருந்தால் என்ஜினுக்குள் சூடேற்றும் நான்கு ஹீட்டர் பிளக்குகளும் ஒவ்வொன்றும் 10 ஆம்பியருக்கு மேல் கேட்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. உங்களுடையது காமன் ரெயில் என்ஜின்; எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ‘ரெயில்’ எனப்படும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிறது. என்ஜின் போதிய வேகத்தில் சுழன்றால்தான் ரெயிலில் டீசல் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால்தான் கணினி இன்ஜெக்டரைத் திறக்கும். அதனால்தான் பேட்டரி தளர்ந்த காரில், செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்ற நிலை வருகிறது. இதைப் பார்த்துவிட்டு டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் கழற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பேட்டரி மின்னழுத்தத்தை அளக்காமல் அந்த வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

இனி எண்களுக்கு வருவோம். கடையில் எல்லோரும் பேசுவது ஆம்பியர்-மணி. 50 என்றால், மெதுவாக எடுத்தால் மொத்தம் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்ற கணக்கு அது. டீசல் காருக்கு நீங்கள் பார்க்க வேண்டியது சி.சி.ஏ. (கோல்டு கிராங்கிங் ஆம்பியர்) எனப்படும் கிராங்கிங் மின்னோட்டம். ஒரே வீச்சில் எவ்வளவு தர முடியும் என்ற கணக்கு. நெல்லையப்பர் தேரை நிலையிலிருந்து பெயர்க்க, அந்த ஒரு நொடியில் வடத்தில் எத்தனை கைகள் சேர்ந்து இழுக்கின்றன என்பதுதான் முக்கியம். நாள் முழுவதும் வந்துபோனவர்களின் எண்ணிக்கை அங்கே உதவாது. செல்ஃபுக்கும் அப்படித்தான்.

சி.சி.ஏ. அளவு மைனஸ் 18 டிகிரி குளிரில் எடுக்கப்படுவது. தென்காசியில் அந்தக் குளிர் எங்கே வரப்போகிறது என்று கேட்கலாம். வராது. ஆனாலும் அந்த எண், பேட்டரிக்குள் இருக்கும் தடை எவ்வளவு குறைவு என்பதைக் காட்டுகிறது. நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில். பானெட்டுக்குள் இருக்கும் வெப்பத்தில் தகடுகள் அரிக்கப்பட்டு, நீர் வற்றி, ஆண்டுக்கு ஆண்டு இந்தத் திறன் குறைந்துகொண்டே போகும். தொடக்கத்தில் அதிகமாக இருந்தால், குறைந்த பிறகும் செல்ஃபுக்குப் போதுமானது மிஞ்சும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருக்கும்போது உங்கள் காரை ஸ்டார்ட் செய்துவிடும். அதை வைத்துத்தான் கடைக்காரர் போதும் என்கிறார். வயதாகி அதன் திறன் குறையத் தொடங்கும்போது, ஏற்கெனவே விளிம்பில் இருக்கும் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு அது சரி, உங்களுக்குச் சரியில்லை.

பழைய பேட்டரியின் மேல் ஒன்பது இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். டின் 50 வகையில் பரவலாகக் காணப்படுவது 550114042. முதல் மூன்று இலக்கங்களில் 550 என்றால் 12 வோல்ட், 50 ஆம்பியர்-மணி. கடைசி மூன்று இலக்கங்களைப் பத்தால் பெருக்குங்கள்: 042 என்றால் 420 ஆம்பியர். இதுதான் கிராங்கிங் எண். கடையில் இரண்டு பேட்டரிகள் ஒரே ஆம்பியர்-மணியோடு இருந்தால் இந்த எண் கூடுதலாக உள்ளதை எடுங்கள். பெயரும் உத்தரவாத மாதங்களும் அதற்கு அடுத்ததுதான்.

65-ஐப் பற்றி ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். பெரிய பேட்டரி போட்டால் டைனமோ எரிந்துவிடும் என்று சொல்வது தவறு. கார் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே எடுக்கும். சிக்கல் இடத்தில்தான். டின் 50 பெட்டியின் நீளம் 207 மில்லிமீட்டர். அடுத்த அளவு 242. தட்டில் அது உட்கார்ந்தாலும், பிடிப்பான் சரியாகக் கவ்வவில்லை என்றால் நம் சாலைக் குலுக்கலில் உள்தகடுகள் உதிரும். இறுகப் பிடிக்காத 65-ஐவிட, இறுகப் பிடித்த 50 நீண்ட நாள் உழைக்கும்.

பிடிப்பான் என்றதும் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். டின் வகை பேட்டரியை அதன் அடிப்பகுதியில் உள்ள விளிம்பில் ஒரு கிளாம்ப் கவ்வுகிறது. ஜப்பானிய வகையை மேலிருந்து ஒரு பட்டையும் இரண்டு நீள போல்ட்டுகளும் அழுத்திப் பிடிக்கும். ஒன்றுக்காக அமைந்த தட்டில் மற்றொன்று நிற்காது. ஜப்பானிய வகையில் சிலவற்றுக்கு டெர்மினல் முளையும் மெலிதாக இருக்கும். உங்கள் கேபிள் கவ்வியில் அது ஆடும். ஆடாமலிருக்கத் தகரத்துண்டைச் செருகி இறுக்குவார்கள். அந்த இடம் சூடாகி, கரிந்து, ஒரு நாள் நடுவழியில் நிறுத்தும். பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள்: டெர்மினல்கள் உங்கள் பக்கம் இருக்கும்படி வைத்தால், டின் வகையில் பெரும்பாலும் வலப்பக்கம் பாசிட்டிவ். பழையதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் குழப்பம் வராது. விலை அதிகமான ஏ.ஜி.எம். வகை, சிக்னலில் தானாக என்ஜினை அணைக்கும் கார்களுக்கானது. உங்கள் காருக்கு அது வீண் செலவு.

வாங்கும்போது கடைக்காரரிடம் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 12.6 வோல்ட்டுக்குக் குறைந்தால் அலமாரியில் நீண்ட நாள் நின்ற சரக்கு, வேறு கேளுங்கள். பெட்டியில் உள்ள பச்சைக் கண்ணாடிக் கண்ணை நம்பாதீர்கள். அது ஆறு அறைகளில் ஒன்றை மட்டுமே பார்க்கிறது. உத்தரவாதம் 60 மாதம் என்று எழுதியிருந்தாலும் எத்தனை மாதம் முழு மாற்று, எத்தனை மாதம் விலையில் கழிவு மட்டும் என்று கேட்டு, பில்லில் தேதியுடன் எழுதி வாங்குங்கள். பழைய பேட்டரியை அதே கடையில் கொடுத்துவிடுங்கள். ஈயத்துக்காக அதற்கு ஒரு தொகை கழிப்பார்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது முறையான மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பொருள். காயலான் கடையில் உடைத்து அமிலத்தை மண்ணில் ஊற்றினால் அந்த நிலத்தையும் அங்கு விளையாடும் பிள்ளைகளையும் ஈயம் கெடுக்கும்.

இப்போது அந்தக் கேள்வி: பழையது ஏன் செத்தது? மூன்று ஆண்டு என்பது நம் வெயிலில் அநியாயமான ஆயுள் அல்ல. ஆனால் நிற்கும் கார் தனியாக ஒரு தண்டனை தருகிறது. சாவியை எடுத்த பிறகும் கணினி, அலாரம், கடிகாரம் எல்லாம் சிறிது மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 17. உங்கள் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு பழுதும் இல்லாமலேயே போய்விடுகிறது. வெளியில் பொருத்திய மியூசிக் சிஸ்டமோ ஜி.பி.எஸ். கருவியோ இருந்தால் இன்னும் கூடும். குறைந்த சார்ஜில் கிடக்கும் பேட்டரித் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுத் திறன் திரும்பாது.

இந்த மின் கசிவை அளப்பது எளிது. கார் அணைந்து, கதவுகள் மூடி, அரை மணி நேரம் கழித்து நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணையுங்கள். கேபிளை எடுத்ததும் உள்ளிருக்கும் கருவிகள் மறுபடி விழிக்கலாம். எண் அடங்கும்வரை பொறுங்கள். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போகும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால், ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துப் பார்த்தால் திருடன் தெரிந்துவிடுவான். எந்த ஃபியூஸிலும் குறையவில்லை என்றால் டைனமோவின் டயோடைச் சந்தேகியுங்கள்.

டைனமோவைச் சோதிக்க ஒரு பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி, வண்டி நின்றுவிடுகிறதா என்று பார்ப்பார்கள். அம்பாசடர் காலத்தில் அது பிழைத்தது. உங்கள் காரில் யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். பேட்டரி விலகிய கணத்தில் டைனமோவின் மின்னழுத்தம் பல மடங்கு எகிறும். அந்தத் தாக்குதலில் என்ஜின் கணினி போகலாம். பேட்டரியைப் போலப் பல மடங்கு விலை அது. சோதிக்க ஒரு மீட்டர் போதும்: என்ஜின் ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் டைனமோ நலம்.

அடுத்தது கேபிள். பத்து வயது தாண்டிய கார்களில் பேட்டரி மேல் விழும் பழியில் ஒரு பங்கு, பேட்டரியின் நெகட்டிவை என்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் கேபிளுடையது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும், மறு முனையை என்ஜின் உலோகத்திலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில், கைபிரேக் போட்டு. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், செல்ஃபுக்குப் போக வேண்டிய சக்தி துருவில் தொலைகிறது. எர்த் கேபிள் பொருந்தும் இடங்களைக் கழற்றி, உலோகம் மின்னும்வரை தேய்த்து, மறுபடி இறுக்குங்கள். புதிய பேட்டரி வாங்கும் முன்பே இதைச் செய்துவிட்டால், வாங்கவே வேண்டியிருக்காது என்ற நிலைகூட வரலாம்.

மாட்டும் வேலைக்கு 10 மி.மீ. ஸ்பானரும், அடிக் கிளாம்ப்புக்கு ஒரு சாக்கெட்டும் போதும். கையில் மோதிரம், கடிகாரம் வேண்டாம். பக்கத்தில் யாரும் புகைக்கக் கூடாது. சாவியை எடுத்துச் சில நிமிடம் கழித்து முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். வரிசையை மாற்றினால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பானர் பாடியில் பட்டதும் நேர் ஷார்ட் ஆகிவிடும். பேட்டரி பன்னிரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், சாய்க்காமல் தூக்குங்கள். தட்டிலும் கவ்விகளிலும் பூத்திருக்கும் வெள்ளை, பச்சை உப்பைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். புதிய பேட்டரியை வைத்து, அடிக் கிளாம்ப்பை முதலில் இறுக்குங்கள். கையால் அசைத்தால் அசையக் கூடாது. பிறகு பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். கவ்வி இறங்கவில்லை என்றால் சுத்தியலால் தட்டாதீர்கள், முளையின் அடியில் உள்ளே வெடிப்பு விழும். கவ்வியை லேசாக விரித்து இறக்குங்கள். எல்லாம் இறுகிய பிறகே வாசலின் பூச வேண்டும்.

கடிகாரமும் ரேடியோவும் பழைய அமைப்பை மறந்திருக்கும்; திரும்ப வைத்துக்கொள்ளலாம். மாட்டிய அன்று அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். மறுநாள் காலை, காரைத் தொடும் முன் அளந்தால் 12.5-க்கு மேல் நிற்க வேண்டும். இனி காரை எடுக்காத வாரங்களில், வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஸ்டார்ட் செய்ததில் போனதே அதில் சரியாக நிரம்பாது. குற்றாலம் வரை ஒரு சுற்று போய்வாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஊரில் இல்லை என்றால் நெகட்டிவ் கவ்வியைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டுப் போங்கள். ரிமோட் பூட்டு வேலை செய்யாது, சாவியால்தான் கதவைப் பூட்ட வேண்டியிருக்கும்.