வலிக்கு வந்தவரிடம் சர்க்கரையைப் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: திண்டுக்கல்லில் சிறிய இயன்முறை சிகிச்சை மையம் நடத்துகிறேன். மூட்டுவலி, தோள்வலி என்று வருபவர்கள் பலருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், உடற்பருமன் ஆகியவையும் இருக்கின்றன. அவற்றையும் கவனிக்க விரும்புகிறேன். ஆனால் ஒருவருக்கு அரை மணி நேரமே ஒதுக்க முடிகிறது. கேட்டாலும் 'வலிக்குத்தானே வந்தேன்' என்று முகம் சுளிக்கிறார்கள். எப்படித் தொடங்குவது?

பதில்: அவர்கள் முகம் சுளிப்பதிலும் நியாயம் இருக்கிறது. முதல் நாளே எடையைக் குறைக்கச் சொன்னால், வலிக்கான பழியைத் தம் மீதே போடுவதாகத்தான் அவர்களுக்குத் தோன்றும். எனவே, வந்த வலியோடு நேரடித் தொடர்புள்ளதை மட்டும் முதலில் கேளுங்கள்.

தோள் மூட்டு இறுகிக் கையை உயர்த்த முடியாமல் போகும் உறைதோளையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. தலை பின்னக் கை உயரவில்லை என்று ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வந்தால், கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) எவ்வளவு என்று கேட்பது உங்கள் சிகிச்சையின் பகுதியே ஆகும். பார்த்ததே இல்லை என்றால் மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள். அதே சமயம், கையை அசைத்தால் அதிகமாகாமல், மாடிப்படி ஏறும்போது மட்டும் வந்து, நின்றால் தணிகிற இடது தோள்வலி என்றால், பயிற்சி எதுவும் கொடுக்காமல் அன்றே இதயப் பரிசோதனைக்கு அனுப்பிவிட வேண்டும்.

சர்க்கரை உள்ளவர் என்று தெரிந்தால், முழங்கால் வலிக்கு வந்திருந்தாலும் பாதத்தைப் பார்த்துவிடுங்கள். "நடக்கும்போது செருப்பு கழன்றுபோனது தெரியாமல் போனதுண்டா?" என்ற ஒரு கேள்வியே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். உணர்ச்சி குறைந்த காலில் வைக்கும் சூட்டு ஒத்தடம் கொப்புளமாகி, பிறகு புண்ணாகும் வரை அவருக்குத் தெரியாது. காலையில் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் பயிற்சிக்கு வந்துவிடுபவர்களும் உண்டு. வியர்வை, நடுக்கம், படபடப்பு தென்பட்டு, இரத்தச் சர்க்கரை அளவு 70 mg/dL-க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். மேசையில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும்.

இரத்த அழுத்தத்தை, படியேறி வந்த மூச்சிரைப்போடு பார்த்தால் பயனில்லை. முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை இதய மட்டத்தில் வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் முந்தைய சீட்டுகளைப் படித்துவிடலாம். அரை மணியில் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. 180/110-க்கு மேல் இருந்தால் அன்றைய பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நம் துறையால் மட்டுமே அவிழ்க்கக்கூடிய முடிச்சு ஒன்று உண்டு. மருத்துவர் நடக்கச் சொல்கிறார், நோயாளியோ முட்டி வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிடுகிறார். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; அதை அப்படியே சொல்லி அனுப்பினால் யாரும் செய்யமாட்டார்கள். முதலில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியால் தொடைத் தசையை வலுப்படுத்தி, சமதளத்தில் ஐந்து நிமிட நடையில் தொடங்கி, வலியின் போக்கைப் பார்த்து வாரந்தோறும் கூட்டுங்கள். முட்டிக்காக நடப்பதாகத்தான் அவர் நினைப்பார்; சர்க்கரையும் அழுத்தமும் கூடவே இறங்கும்.

தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கை புதிதும் அல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. அத்திட்டத்தில் மாத்திரை வாங்குகிறாரா, விடாமல் சாப்பிடுகிறாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பயிற்சியால் அளவு இறங்குகிறது என்பதற்காக நீங்களே மாத்திரையைக் குறைக்கச் சொல்லாதீர்கள்; இரண்டு வார அளவீடுகளை ஒரு தாளில் எழுதி, அவருடைய மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.