பாரிஸ் ஸ்டூடியோவில் ஐந்து சதவீத வருமானம் கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் லா கூர்நெவில் குடியிருக்கிறோம். பாரிஸ் 18ஆம் வட்டாரத்தில், மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குப் பக்கத்தில் 20 சதுர மீட்டர் ஸ்டூடியோ ஒன்று 1,90,000 யூரோவுக்கு வந்திருக்கிறது. தளபாடத்துடன் மாதம் 800 யூரோவுக்கு விடலாம், வருடம் ஐந்து சதவீதம் நிற்கும் என்கிறார் ஏஜென்ட். எனர்ஜி தரம் மட்டும் 'ஜி'. வாடகைக்கு விடத்தான் வாங்குகிறோம். வாங்கலாமா?

பதில்: போகிற போக்கில் சொன்ன அந்த 'ஜி'யிலிருந்துதான் தொடங்க வேண்டும். வீடு எவ்வளவு எரிசக்தி தின்கிறது என்று 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் போடுவார்கள், அதில் கடைசி 'ஜி'. 2025 ஜனவரி 1 முதல் ஜி தர வீட்டுக்குப் புதிய வாடகை ஒப்பந்தம் போட முடியாது. 'எஃப்' தரத்துக்கும் 2028 வரைதான் அவகாசம். ஆக, வாங்கிய கையோடு வீட்டைத் திருத்தியாக வேண்டும். பழைய பாரிஸ் கட்டடங்களில் அது லேசான வேலை இல்லை. கல் முகப்பை வெளியிலிருந்து வெப்பக் காப்பு போட்டு மூடப் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. உள்பக்கம் காப்புப் பலகை அடித்தால், இருக்கிற இருபது மீட்டரில் கொஞ்சம் அதற்கே போய்விடும். எனர்ஜி தரச் சான்றிதழின் தேதியையும் பாருங்கள். 40 சதுர மீட்டர் வரையிலான வீடுகளுக்கான கணக்கு முறையை 2024 ஜூலையில் திருத்தினார்கள். அதற்கு முந்தைய சான்றிதழ் என்றால் தரம் மாற வாய்ப்பு உண்டு.

அடுத்து அந்த 800 யூரோ. பாரிஸில் 2019 ஜூலை முதல் வாடகைக் கட்டுப்பாடு இருக்கிறது. பகுதி, அறைகள், கட்டிய காலம், தளபாடம் உண்டா இல்லையா என்று பார்த்து, சதுர மீட்டருக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஏஜென்ட் சொல்வது மீட்டருக்கு 40 யூரோ. உங்கள் முகவரிக்கான வரம்பை அரசு இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். பேச்சுக்கு 33 என்று வைத்தால் 660 யூரோதான் கேட்கலாம். "வீடு அருமை" என்று மேல்தொகை சேர்ப்பதும் எஃப், ஜி வீடுகளுக்குக் கூடாது. மீறினால் குடியிருப்பவர் நகராட்சியிடம் புகார் கொடுக்கலாம். தனிநபருக்கு 5,000 யூரோ வரை அபராதம் வரும்.

சரி, இப்போது கணக்குப் போடுவோம். பதிவு வரியும் நோட்டேர் (விற்பனைப் பத்திரம் எழுதும் சட்ட அலுவலர்) செலவும் சுமார் எட்டு சதவீதம் பிடிக்கும், ஆகவே நீங்கள் போடும் முதல் 2,05,000 ஆகிவிடுகிறது. வாடகை வருடத்துக்கு 7,920. வீட்டு உரிமையாளர் கட்டும் நிலவரி (பாரிஸ் இதை 2023இல் நன்றாகவே ஏற்றிவிட்டது), கட்டடப் பொதுச்செலவில் உங்கள் பங்கு, காப்புறுதி, ஆளில்லாத ஒரு மாதம் எல்லாம் சேர்த்து 1,700 போனால் மீதி 6,220. மூன்று சதவீதம். இதில் திருத்தச் செலவும் வருமான வரியும் இன்னும் சேரவில்லை. வங்கி வட்டி அதற்கு மேலே இருந்தால் மாதாமாதம் கைக்காசுதான் போகும்.

என்னைக் கேட்டால், இந்த விலைக்கு வேண்டாம். பாரிஸ் விலை 2020 கடைசியில் மீட்டருக்குச் சுமார் 10,800 யூரோ இருந்து, 2024இல் 9,500 பக்கம் இறங்கியது. இவர்கள் கேட்பதும் அதே 9,500. சின்ன வீட்டுக்கு மீட்டர் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜி தரத்துக்கு ஒரு சதம்கூடக் குறைக்காமல் விற்கப் பார்க்கிறார்கள்.

விலை இறங்கினால், கையெழுத்துக்கு முன் உரிமையாளர்கள் கூட்டத்தின் கடைசி மூன்று வருடக் குறிப்புகளை வாங்கிப் படியுங்கள். கூரை, முகப்பு வேலை ஏதாவது தலைக்கு மேல் தொங்குகிறதா என்று அதில்தான் தெரியும். வீடு வாங்கும் முதல்கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம்.